ஒரே பக்கமாக உட்கார்ந்தோம்

பகல் ஒன்று பத்துக்கு என் மகளின் போன் அணைந்துபோனது. அதற்குச் சற்று முன்புதான் சென்னையிலிருந்து வரும் வாடகைக் காரிலிருந்து பேசினாள். "ஊத்துக்கோட்டை தாண்டிட்டேன் நைனா. நீங்க போய் குந்துங்க, நான் வந்துகினே கீறேன்."

பிலிப்பைன்ஸில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் முன், அங்கே தான் சாப்பிட்டதை நாங்களும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. திருப்பதியில் அந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருப்பதை அங்கிருந்தபடியே கண்டுபிடித்து, எங்களுக்கு மேசையும் சொல்லி வைத்திருந்தாள். புத்தூர்க்காரர் ஒருவர் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண் நடத்தும் கடை.

"கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி" என்று அந்த அம்மா மழலைத் தெலுங்கில் நாற்காலிகளைக் காட்டினாள். தட்டு கிடையாது. மேசை நெடுக ஒரே வாழையிலை. அதன் நடுவில் சோற்றைக் குவித்து, கறியை மேலே பரப்பி, இருபுறமும் உட்கார்ந்து எல்லோரும் கையால் சாப்பிடுவது அவர்கள் வழக்கமாம்.

நானும் என் மச்சானும் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். எதிரே உட்காரப் போன என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தப் பக்கம் குந்தினா நுனி சோத்துக்கை பக்கம் வருதே. சாவு வீடா இது?"

"அக்கா, இது அவங்க ஊரு இலை. அதுக்கு நம்ம சாஸ்திரம் தெரியாது" என்றான் மச்சான்.

"இலை இந்த ஊரு சந்தையில வாங்கினதுதானே? பொண்ணு வழியில கீற நேரத்துல நான் குந்த மாட்டேன்."

மூவரும் ஒரே பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் முழுவதும் காலி. கடைக்கார அம்மா அதைப் பார்த்து, மகளுக்காக இடம் விட்டிருக்கிறோம் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் வந்த பிறகே சோறு போடுவேன் என்று சைகையில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் மச்சானுக்குப் போன் வந்தது. பேசி முடித்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிச்சாட்டூர் ஏரியத் தொறந்துட்டாங்களாம் மாமா. ஊத்துக்கோட்டை ரோட்டு மேல தண்ணி போவுதாம். ஒரு கார இழுத்துக்கினு பூட்சின்றான்."

"இன்னா காரு?"

"தெரியலியாம்."

மறுபடி மறுபடி அவள் எண்ணை அழுத்தினேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் தெலுங்கில் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நடந்ததுபோலவே இல்லை. கண்ணாடிச் சுவரில் மழை வழிந்தது. வெளியே மொட்டைத் தலைகள் சந்தனம் கரையக் கரைய, பாதி நீரில் நடப்பவைபோல மிதந்து போயின. சுவரில் மாட்டியிருந்த தீவுப் படத்தின் நீலம் அறை முழுக்கப் பரவியது. பக்கத்து மேசைக் குழந்தைகள் நூடுல்ஸை உறிஞ்சிச் சிரித்த சத்தம் எங்கோ அடுத்த கரையிலிருந்து கேட்டது.

அந்த நாட்டில் புயல் என்று டிவியில் சொன்ன ஒவ்வொரு நாளும் நான் தூங்கியதில்லை. கடல் தெரியாத எனக்குக் கடலைப் பற்றிய பயம். பிச்சாட்டூர்த் தண்ணீரை ஒருநாளும் நினைத்துப் பயந்ததில்லை. சின்ன வயதில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தாண்டிய தண்ணீர் அது.

கடைக்கார அம்மா கிண்ணங்களில் புளிச்சாறு வைத்தாள். முள்ளங்கி, கத்திரிக்காய், காராமணி. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம வூட்டு புளிப்புதான்" என்றாள். அதோடு அழ ஆரம்பித்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்தபடியே இருந்தேன். அது சூடாக இருந்தது, பிறகு ஆறியது. இப்போதும் கனத்த மழையில் என் கைக்குள் அந்தக் கிண்ணம் ஆறுகிறது.

மழைக்குள்ளிருந்து பால் வண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முழங்கால் வரை சேறு, கையில் செருப்பு.

"போன் தண்ணில பூட்சி நைனா. காரு அங்கியே நின்னுச்சி. பால் வண்டிக்காரரு சத்தியவேடு சுத்தி இட்டாந்தாரு."

நாங்கள் யாரும் எழவில்லை. அவள் அந்தக் காலிப் பக்கத்தில், நுனி வலக்கைப் பக்கம் இருக்க, எங்கள் மூவருக்கும் எதிரே தனியாக உட்கார்ந்தாள். அவள் அம்மா வாயைத் திறப்பதற்குள் எங்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள்.

"இன்னா, பொண்ணு பாக்க வந்தவங்க மாரி மூணு பேரும் வரிசையா குந்திக்கினு கீறீங்க?"