கரட்டுப்பாளையத்தில் இணையச் சமநிலை

அத்தாயி கேபிள் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. அவள் வீட்டுக்காரர் அர்த்தநாரி பாதி ஊருக்குக் கேபிள் இழுத்துப் போட்டுவிட்டு, மீதியை இழுக்கப் பொறுமையில்லாமல், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறிச் சத்தீஸ்கர் போய்விட்டார். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்கள் அப்படிப் போவது வழக்கம்தான். போனால் மாசக்கணக்கு, வந்தால் மாரியம்மன் நோன்பிக்கு. மீதி ஊருக்கு அத்தாயியே தென்னைக்குத் தென்னை ஒயரைத் தாண்டவிட்டாள். அணில் கடித்த இடத்தைக் கண்டுபிடித்து அணிலையும் அதன் வம்சத்தையும் திட்டியபடி ஒட்டுப்போடக் கற்றாள். பிறகு இன்டர்நெட் வந்தபோது அதையும் அதே தென்னைகள் வழியாகவே ஊருக்குள் கொண்டுவந்தாள். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்று மறைப்பதால் கரட்டுப்பாளையத்தில் செல்போன் சிக்னல் எடுக்காது. அதனால் அவளைத் திட்டாத வீடு ஊரில் கிடையாது, அவள் ஒயர் இல்லாத வீடும் கிடையாது.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை கவுன்சிலர் ஆவது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போன ஒவ்வொரு முறையும் அவளை நிற்க வைத்தே அனுப்பினார்கள். ஒருநாள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் நிற்பவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அதற்காகவே குடியானவர் முன்னணிக் கட்சியில் சேர்ந்து வருஷக்கணக்காகக் கொடி கட்டினாள், ஊர்வலத்தில் நடந்தாள். மைக் மட்டும் அவள் கைக்கு வந்ததில்லை.

அது வருகிற நாளும் வந்தது. சென்னையில் இருக்கிற கட்சித் தலைமை, இணையச் சமநிலை பற்றித் தன் நிலைப்பாட்டை அறிவித்து, ஊர்தோறும் தெருமுனைக் கூட்டம் போட்டு விளக்கச் சொல்லிவிட்டது. பேரூர் செயலாளர் வேலுமணி அந்த அறிக்கையை முன்னாலிருந்து ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம் படித்தார். இரண்டு ரிக் வண்டிக்கு முதலாளி. பாறையைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார். இது பாறையைவிடக் கெட்டியாக இருந்தது. நேராக அத்தாயி வீட்டுக்கு வந்தார்.

"நெட்டு உடறவளே நம்ம கட்சியில இருக்கறப்ப எனக்கென்ன கவலை அம்மணி? இதை நல்லாப் பேசிப்போடு. மூணாவது வார்டு உனக்குத்தான்."

அத்தாயி படித்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஒயர் வைத்திருப்பவன் ஒயர் வழியாகப் போகிற எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் அனுப்ப வேண்டும். தனக்கு வேண்டியதை ஓடவிட்டு, வேண்டாததை மெதுவாக்கக் கூடாது. யாருக்கும் தனிவழி ஆகாது. நியாயமான பேச்சு. ஆனால் இதையெல்லாம் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவளே செய்துகொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குத்தான் ரிக் ஆட்கள் கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்காருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊர்க் குடும்பங்கள் நடக்கும். போனில் முகம் பார்த்தபடி பிள்ளையை அதட்டுவார்கள், அடகு வைத்த நகையைத் திருப்பச் சொல்வார்கள். ராமாயி வரப்புத் தகராறு வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு பங்காளி வாசலுக்கே போய்விடுவாள். தெலங்கானாவில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் சின்னான் அங்கிருந்தே சண்டையில் கலந்துகொள்வார். முன்பு அந்த நேரத்தில் சினிமாவும் மேட்சும் ஒயரை அடைத்துக்கொள்ள, புருஷன்மார் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. அத்தாயி ஈரோட்டிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து, எட்டிலிருந்து ஒன்பது வரை வீடியோ காலுக்கு முதல் வழி, மற்றதெல்லாம் ஊர்ந்து வரட்டும் என்று, ஊருக்கு நெட்டைப் பிரித்துவிடும் தன் வீட்டுப் பெட்டியில் மாற்றி வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. படம் நிற்கிறதே என்று கேட்டவர்களிடம், ஈரோட்டுப் பக்கம் ஒயர் அறுந்துவிட்டது என்றாள். இரண்டு வருஷமாக ஈரோட்டில் தினமும் எட்டு மணிக்கு ஒயர் அறுந்தது, ஒன்பதுக்கு ஒட்டிக்கொண்டது.

கூட்டம் பஸ் நிறுத்தத்தில் நடந்தது. பெட்டியில் இருப்பது பெட்டியோடு, மேடையில் பேசுவது மேடையோடு என்று மனசைத் தேற்றிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"காசு கட்டுனா கோயில்ல ஒரு வரிசை, கட்டாதவங்களுக்கு ஒரு வரிசை. அதையாவது சாமி பாத்துக்கும்னு உட்டுட்டோம். நெட்டுலயும் ரெண்டு வரிசை போட்டா யாருங்க பாத்துக்குவாங்க?"

கைதட்டல் எழுந்தது. வேலுமணி பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையாகத் திரும்பினார். அப்போது இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியாராக இருக்கும் மோகன்குமார் எழுந்து நின்றான். எட்டு மணி மேட்சைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து நொந்தவன்.

"நாயமாத்தான் பேசறீங்கக்கா. நம்மூர்ல எட்டு மணிக்குப் படம் படுத்துக்குது, வீடியோ கால் மட்டும் ஓடுது. ஈரோட்டுல ஒயர் அறுந்தா ரெண்டும்தானுங்க படுக்கோணும்? அது எந்த வரிசைங்க?"

எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. அத்தாயிக்கு மைக்கும் மூன்றாவது வார்டும் ஒருசேரக் கையிலிருந்து நழுவுவது போலிருந்தது. ஆமாம், தான்தான் அப்படி வைத்திருந்ததாகவும், இன்றைக்கே எடுத்துவிடுவதாகவும், இனி எல்லாம் ஒரே வரிசை என்றும் மேடையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். முன்னைவிடப் பெரிதாகக் கைதட்டினார்கள். சொன்னபடி வீட்டுக்குப் போய் பெட்டியை மாற்றினாள். அன்றைக்குப் பார்த்து இந்தியா மேட்ச்.

எட்டு அடித்ததும் அர்த்தநாரி அழைத்தார். பாதி மீசை வந்தது, மீதி வரவில்லை. ஊர் முழுக்க அதே கதை. ராமாயி வீட்டில் மட்டும் கதை கொஞ்சம் நீண்டுவிட்டது. எருமையை விலை கேட்டு வந்த தரகரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா என்று சின்னானிடம் கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று தலையை அசைக்க ஆரம்பித்தவர், தலை ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டார். கண் வேறு பாதி மூடியிருந்தது. தரகர் எட்டிப் பார்த்து, அண்ணன் தலையாட்டிவிட்டார் என்றார். ராமாயி இன்னும் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து தன் பேச்சுக்கு அவர் இவ்வளவு சாந்தமாகத் தலையாட்டிப் பார்த்ததில்லை. மனசு குளிர்ந்து அச்சாரம் வாங்கிக்கொண்டாள். எருமை அன்றைக்கே போய்விட்டது.

காலையில் கரட்டின் மேலேறிச் சிக்னல் பிடித்து சின்னானிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கிய ராமாயி, நேராக அத்தாயி வீட்டுக்கு வந்தாள். பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். கடைசியாக மோகன்குமாரின் அம்மாவும் வந்தாள். அவள் வீட்டுக்காரரும் ரிக்கில்தான் இருந்தார்.

"தனிவழி போட்டிருந்தீங்கன்னு முன்னாலயே ஒரு சொல்லு சொல்லியிருந்தா, அந்த மேடையிலயே உங்க வாயைப் பொத்தியிருப்பனேக்கா" என்றாள் ராமாயி.

அவர்கள் போனதும் கொல்லைப்புற வழியாக வேலுமணி வந்தார். தன் வண்டி போர் போடும் இடத்தில் குழியிலிருந்து என்ன வருகிறது என்பதை மேனேஜர் அவருக்கு வீடியோவில் காட்டுவது வழக்கம். முந்தின நாள் ராத்திரி, ஈரமண் வந்த படத்திலேயே வீடியோ நின்றுபோக, தண்ணீர் விழுந்துவிட்டதென்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அங்கே தோட்டத்துச் சொந்தக்காரர் தண்ணீர் வராத வெறும் குழியைக் காட்டி வண்டியைச் சிறைபிடித்திருந்தார்.

"ஊருக்குச் சொன்னது சொன்னபடி இருக்கட்டும் அம்மணி. என்ற ஊட்டு ஒயரை மட்டும் பழையபடி உட்டுரு. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"உங்களுக்கு மட்டும்னா, அதைத்தானுங்ணா நம்ம கட்சி வேண்டாம்ங்குது."

"கட்சி வேண்டாம்ங்குது. நான் கேக்கறேன்."

அத்தாயி அவரையே பார்த்தாள். தலையசைத்தால் மூன்றாவது வார்டு வீட்டுக்குள் வந்துவிடும். ஆனால் வாசலில் நின்றுவிட்டுப் போன பெண்களுக்கு என்ன பதில் சொல்வது?

"எல்லாருக்கும்னா உடறேன். மேடையில சொன்னதை மேடையிலதானுங்க மாத்தோணும். இன்னொரு கூட்டம் போடுங்க."

மாற்றிப் பேசினால் தலைமை ஒத்துக்கொள்ளாது, வார்டு போய்விடும் என்று வேலுமணி எச்சரித்தார். போனால் போகட்டும் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சுலபமாகப் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை.

வண்டி சிறைபட்டிருந்ததால் வேலுமணிக்கு வேறு வழியில்லாமல் போக, இரண்டாவது கூட்டம் மறுநாள் சாயங்காலமே நடந்தது. தலைமை தாங்கிய வேலுமணியின் முகம் மாத்திரை விழுங்கியது போலிருந்தது.

"காசு வாங்கிட்டு ஒருத்தருக்கு வழி உட்டா அது தப்புங்க. காசே வாங்காட்டியும், யாருக்கும் சொல்லாம ஒளிச்சு உட்டேன் பாருங்க, அதுவும் தப்பு" என்றாள் அத்தாயி. "ஊரே கூடி, தெரிஞ்சே, ஒரு மணி நேரம் கூப்புடறவங்க கூப்புடட்டும்னு உட்டா? இது கட்சி நெலப்பாடு இல்லீங்க. வேணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் கை தூக்கியது வேலுமணியின் மனைவி தனப்பிரியா. பிறகு பெண்கள் பக்கம் முழுக்கத் தூக்கியது. மேட்சை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்க எழுந்த மோகன்குமாரை, "உங்கொப்பன் மொகத்தைப் பாருடா மொதல்ல" என்று அவன் அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவனும் அரைக்கை தூக்கினான்.

வேலுமணி கைகளைப் பார்த்தார். கணக்குப் போடத் தெரியாதவர் ரிக் முதலாளி ஆக முடியாது. எழுந்து மைக்கை வாங்கி, தலைமையின் நிலைப்பாட்டை நம்மூர் முழு மனதோடு ஆதரிக்கிறது, எட்டு மணி நம்மூர் வழக்கம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை, கூட்டம் சிறப்பாக நடந்தது என்றுதான் சென்னைக்குச் சொல்லப்போகிறேன் என்றார். அதே மூச்சில் மூன்றாவது வார்டுக்கு அத்தாயி பெயரை அனுப்புவதாகவும் அறிவித்தார். கைதட்டல் பெரிதாக வந்து, பாதியிலேயே நின்றது. யாரோ மணி பார்த்துவிட்டார்கள். எட்டுக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

நன்றியுரை சொல்ல வந்தவர் காகிதத்தைப் பிரிப்பதற்குள் பஸ் நிறுத்தம் காலியானது. மேடையிலிருந்து முதலில் குதித்து ஓடியவர் வேலுமணி. அவருக்கு முன்னால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியை மாற்ற அத்தாயி ஓடிக்கொண்டிருந்தாள்.