கியா பார்ம் பூந்தொட்டி சைக்கிளும் தங்கச்சியின் காட்டர் பின்னும்

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சி சரோஜா ஒரு நாள் போன் பண்ணி, பெடல் மிதிக்கும்போது டொக்கு டொக்கு என்று கேட்கிறது என்றாள். சைக்கிளைக் கண்ணால் பார்க்காமலேயே, "காட்டர் பின் போவப்போவுது" என்றேன். பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் விரல் நீள இரும்பு ஆப்பு அது. டாக்டர் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிப்பதை நான் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஈப்போவில் என் கை படாத சைக்கிள் கிடையாது.

பள்ளி விடுமுறை முடிந்த வாரம், புதன்கிழமை புறப்பட்டேன். அவசரத்துக்குக் காரணம் உண்டு. சரோஜா விடிவதற்கு முன் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி, அந்தக் கறுப்பு சைக்கிளில் வைத்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் லைனாகப் போய் விற்கிறாள். காலை ஏழு மணிக்குப் பெரட்டு. ஆள்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்து மலை ஏறிவிடுவார்கள். அதற்குள் விற்றால் உண்டு. இப்போது டவுனிலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் பொட்டலம் கொண்டுவர ஆரம்பித்திருக்கிறான். ஒரு நாள் இவள் போகாவிட்டால் வாடிக்கை அவனிடம் போய்விடும்.

காலை 6.20க்குக் கூட்டாளி ஒருவரின் காய்கறி லோரியில் ஏறினேன். காலிக் கூடைகளோடு மேலே போகிற லோரி, கட்டணம் இல்லை. சிம்பாங் பூலாயில் டிரைவருக்கும் எனக்கும் தோசை, தே தாரிக்: 13 ரிங்கிட் 40 காசு. மேலே பனி என்றால் அப்படி ஒரு பனி. ஜன்னல் வழியே தலையை நீட்டி, காற்றின் வாசனையை வைத்தே வளைவுகளை நான்தான் டிரைவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோலா தெர்லாவில் இறங்கியபோது 8.35. அங்கிருந்து தோட்டத்துக்கு ஒரு வாடகைக் கார், 15 ரிங்கிட். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை; துரை படித்துவிட்டால் தங்கச்சிக்குத் தொந்தரவு.

வெந்நீர் குடித்த கையோடு வேலையில் இறங்கினேன். நட்டைக் கழற்றிப் பார்த்தால், நான் சொன்னபடியே பின் ஒடிந்து கிடந்தது. துண்டை ஒரு பெரிய ஆணி வைத்துத் தட்டி வெளியே எடுத்தேன். புதுப் பின் ஒன்று போட்டால் பத்து நிமிட வேலை.

புதுப் பின் எங்கே கிடைக்கும் என்பதுதான் கதை. அதே காரை அரை நாளுக்கு 60 ரிங்கிட் பேசி, சரோஜாவையும் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் போனேன். இரண்டு கடை ஏறினோம். பிறகு தானா ராத்தா, அங்கே ஒரு கடை. எல்லாரும் கியர் சைக்கிள் சாமானைத்தான் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் என் கையிலிருந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதனுடைய சாமான் என்று என்னையே கேட்டார். சரோஜா வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மணி ஒன்றரை.

திரும்பும்போது கியா பார்ம் சந்தைப் பக்கம் கார் நகரவில்லை. அங்கே எப்போதும் நெரிசல்தான். அப்போது பார்த்தேன். ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வெள்ளை பெயிண்ட் அடித்த பழைய சைக்கிள். கேரியரில் பூந்தொட்டி, முன்னால் ஸ்ட்ராபெரி கூடை. சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ பிடிக்க வைத்தது. பெயிண்டை மீறி அதன் காட்டர் பின் என் கண்ணில் பட்டுவிட்டது. தங்கச்சி வண்டியில் இருக்கும் அதே அளவு.

கடைக்காரர் பாய், கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். சரோஜாதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னோடது பழைய சைக்கிளு பாய், பெடல் பின்னு போச்சு. தானா ஒடிஞ்சிச்சு. அண்ணன் ஈப்போலேர்ந்து வந்திருக்காரு, சாமான் இல்லாம அவரு என்ன பண்ணுவாரு? இதுல உள்ள பின்னைத் தர்றீங்களா?"

பாய்க்குச் சங்கடம். பெடல் தொங்கினால் போட்டோவுக்கு ஏறி நிற்கும் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்றார். நியாயம்தான். நான் விடவில்லை. "ஓடாத சைக்கிளுக்கு ஒடிஞ்ச பின் போதும் பாய். கம்பி போட்டுக் கட்டித் தர்றேன், யானை ஏறினாலும் அசையாது" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணனுக்கு வாய் நல்லா வேலை செய்யுது லா. கையும் அப்படித்தானா?"

காசு வேண்டாம், மறுநாள் நாலு பொட்டலம் போதும் என்றார். பின்னைக் கழற்றும் முறையைக் கவனித்துக்கொள்ளுங்கள். நட்டை முழுக்க எடுக்கக் கூடாது, மரையின் முனை வரைக்கும் தளர்த்தினால் போதும். கட்டைக்குக் கீழே இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு ஒரே அடி. குழாயைச் சரோஜா பிடித்தாள், நான் அடித்தேன். பல் மாதிரி கழன்று வந்தது. துருவே இல்லை, பெயிண்ட் காப்பாற்றியிருக்கிறது. பாயின் பெடலைக் கம்பி போட்டு முறுக்கிவிட்டு வந்தோம்.

லைனுக்கு வந்து பொருத்தினால், பின் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. அதன் தட்டையான பக்கத்தைக் கொஞ்சம் அராவ வேண்டும். பக்கத்து வீட்டில் கொழுந்து வெட்டும் கத்தரியைத் தீட்டுகிற அரம் இருந்தது. இரண்டு இழுப்பு, ஒரு முறை நுழைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. ஏறியது. சரோஜா ஓட்டிப் பார்த்தாள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை போல வண்டி நொண்டியது. லைன் பெண்கள் சிரித்தார்கள். "சரோஜாக்கா, சைக்கிளுக்குச் சுளுக்கா?" என்றாள் ஒருத்தி. இடது பின்னும் வலது பின்னும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழைய வேண்டும்; அப்போதுதான் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்கும். வேண்டுமென்றே ஒரு தடவை மாற்றிப் போட்டுக் காட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். திருப்பிப் போட்டு முடித்தபோது 5.40.

மறுநாள் 5.50க்கு அவள் கிளம்பினாள். டொக்கு சத்தம் இல்லை. நான் வாசலில் தேநீரோடு நின்றேன், குடிக்கவில்லை. 7.15க்குத் திரும்பி வந்தாள், பெட்டியில் பாய்க்கு வைத்த நாலு பொட்டலம் மட்டும்தான். மோட்டார்காரனும் வந்தானாம். "பங்களாதேஷ் ஆளுங்க என் பெல் சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இந்த மாதிரி வண்டியோடு மலைக்குப் போகிறவர்களுக்கு: காட்டர் பின் இரண்டும் ஒரு சின்ன அரமும் கீழேயே வாங்கிக்கொண்டு போங்கள். பழைய பின்னை மாதிரிக்கு எடுத்துப் போங்கள், அளவில் வித்தியாசம் உண்டு. சனி ஞாயிறில் கியா பார்ம் பக்கம் வேண்டாம். குளிர் சட்டை அவசியம்.

இன்னொன்று. மேலே ஒரே ஒரு விஷயத்தை மாற்றி எழுதிவிட்டேன். நான் போனபோது பின் ஒடிந்திருக்கவில்லை. தளர்ந்திருந்தது, அவ்வளவுதான், நன்றாக அடித்து நட்டை இறுக்கியிருந்தால் போதும். நான் நட்டை முழுக்கக் கழற்றி, முட்டுக் கொடுக்காமல், மரை முனையிலேயே சுத்தியலால் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் ஒடிந்தது. சரோஜா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாயிடம் "தானா ஒடிஞ்சிச்சு" என்று சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதைத்தான் நானும் அப்படியே எழுதினேன்.