ஆறடிப் பலகையும் ஒரு ஜோடிப் பாட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணியில், ஒரு ஸ்டேடியம் நிறைய ஜனம் என்னைப் பார்த்துக் கைதட்டியது.

நான் பாடவில்லை. ஆடவில்லை. தோளில் ஒரு பலகை வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

என்னை உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டால் கை கழுவப் போய்விடுகிற ஆள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலை எனக்குப் பிடித்திருப்பதே அதனால்தான் — பிள்ளைகள் பேசிக்கொண்டே வருவார்கள், நான் பேச வேண்டியதில்லை. எனக்கு ஹார்ன் போதும்.

அப்படிப்பட்டவளுக்கு ஸ்டேடியத்தில் என்ன வேலை?

ராயப்பன் அண்ணனும் ஸ்டெல்லா அக்காவும் எங்கள் தாமான் குடியிருப்பில் நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். அண்ணன் எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பாலர் பள்ளி டீச்சர். இரண்டு பேருக்கும் கண்ட்ரி மியூசிக் என்றால் உயிர். அகலத் தொப்பி, பூட்ஸ், ஆளுக்கொரு கிட்டார் — எல்லாம் உண்டு. குதிரை மட்டும்தான் இல்லை.

ஆங்கிலப் பாட்டும் பாடுவார்கள், அதே மெட்டுப் போக்கில் சொந்தமாகத் தமிழிலும் கட்டுவார்கள். ரப்பர் பால் லாரிக்குப் பின்னால் தினமும் ஓடி, தினமும் தோற்றுப்போகிற ஒரு நாயைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது கண் கலங்கிவிட்டது. நாய்க்குப் போய் யாராவது அழுவார்களா?

கல்யாண விருந்து, பள்ளி விளையாட்டு விழா, கிறிஸ்துமஸ் — எங்கே பாடினாலும் சாமான்களை ஏற்றிப் போவது என் வேன்தான். ஸ்பீக்கர் பெட்டி முதற்கொண்டு நான்தான் தூக்குவேன். தூக்கும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, அது எனக்கு வசதி.

இந்த வருஷம் யாரோ அவர்கள் பாடியதை ஃபோனில் பிடித்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கோ போயிருக்கிறது. ஒரு நாள் நாலு இளசுகள் வீட்டுக்கு வந்து, "அங்கிள், ஆன்ட்டி, டூர் போகலாமா?" என்று கேட்டார்கள். சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார். மூன்று ஊர், மூன்று உள்ளரங்கு ஸ்டேடியம். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக.

போஸ்டர் வந்தது. அதில் அண்ணனின் முடியைக் கறுப்பாக்கி, தொப்பையையும் குறைத்திருந்தார்கள்.

அக்கா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு சாந்தி இந்த ஆளு? இத்தனை வருஷமா எங்க இருந்தாரு?"

"உள்ளாரதான் இருந்தேன்," என்றார் அண்ணன். "நீ சோறு போட்டுப் போட்டு மறைச்சிட்ட."

இந்த ஜோடியோடு எப்போதும் ஒரு பலகையும் வரும். ஆறடி நீளம், கனத்த மெராந்தி மரம். ஸ்பீக்கர் பெட்டியை வேனில் சறுக்கி ஏற்ற வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மேடையில் அதை நடுவில் போட்டு இரண்டு பேரும் அதன்மேல் நின்று பாடுவார்கள். அக்கா மட்டும் பூட்ஸைக் கழற்றிவிடுவார். மேடைக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம்... கேட்கிற வழக்கம்தான் எனக்கு இல்லையே.

ஞாயிறு நாலு மணிக்கு நிகழ்ச்சி. மூன்றரைக்கு ஒப்பனை அறையில் அக்காவின் உடையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகம் சரியாக இல்லை.

"சாந்தி, பலகைய எங்க வச்ச?"

"மேடை ஓரமாத்தான் வச்சேன்ணே."

"இல்ல."

அதற்குள் ப்ரியா வந்துவிட்டாள். மேடை முழுக்க அவள் பொறுப்பு. காதில் மைக், கையில் அட்டை, வயது என் மூத்த மகள் வயது. நல்ல பெண்தான். "அந்தப் பழைய பலகையா அங்கிள்? வெளியில கடைக்காரங்க எதுக்கோ கேட்டாங்க, குடுத்தாச்சு-லா. ஸ்டேஜ் ஃபுல்லா கறுப்பு கார்பெட் போட்டிருக்கோம், கேமராவுல அது அசிங்கமா இருக்கும். அங்கிள் இந்தப் பக்கம், ஆன்ட்டி அந்தப் பக்கம். நடுவுல ஸ்க்ரீன். மார்க் ஒட்டியிருக்கேன், பாத்தீங்களா?"

பார்த்தேன். திறந்த கதவு வழியே மேடையில் இரண்டு வெள்ளைப் பெருக்கல் குறிகள் தெரிந்தன. நடுவில் என் வேனை நிறுத்தலாம், அவ்வளவு தூரம்.

ப்ரியா போனதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஒரு பலகைதானே?" என்றேன்.

"எனக்கு வலது காது சுத்தமா போச்சு, சாந்தி. இடது காதுல பாதிதான். பதினோரு வருஷமாச்சு."

"அப்ப எப்படிக்கா பாடுறீங்க?"

"காலால."

அண்ணன் பூட்ஸ் குதிகாலால் பலகையில் தாளம் தட்டுவார். பலகை அதிரும். அந்த அதிர்வு அக்காவின் வெறுங்காலில் ஏறும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எடுப்பார், நிறுத்துவார், மறுபடி சேர்ந்துகொள்வார். பதினோரு வருஷம் கூடவே சாமான் தூக்கியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

"ப்ரியாட்ட சொல்லிடலாம்கா. புரிஞ்சிக்கும்."

"சொன்னா அடுத்த போஸ்டர்ல போடுவாங்க, காது கேக்காதவ பாடுறான்னு. அப்புறம் எல்லாரும் பாவம்னு கைதட்டுவாங்க. எனக்கு அது வேணாம்." அக்கா கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். "இன்னிக்குத் தாளம் தப்பிச்சின்னா நான் இதோட நிறுத்திக்கிறேன். அவ்ளோதான்."

(இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். "இனிமே எழுதிக்கோ. பாட்டைக் கேட்டுட்டாங்க இல்ல? வயசை மட்டும் எழுதாத" என்றார்.)

நான் வெளியே ஓடினேன்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசலில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். கடைகளுக்கும் ரோட்டுக்கும் நடுவே பெரிய லோங்காங், தண்ணீர் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கடையைத் தாண்டி கடைக்கு வர ஒரு பாலம் போட்டிருந்தார்கள்.

பாலம்தான் நம் பலகை.

அதன்மேல் ஜனம் வரிசையாக வந்துகொண்டிருந்தது, சேற்றுச் செருப்போடு. நடுவில் ஒரு பெரியவர் நின்று நிதானமாக மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது.

"அண்ணே, கொஞ்சம் இறங்குங்க. பலகை வேணும்."

"எதுக்கும்மா?"

"இதுமேல நின்னுதான் பாடணும்."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் சாப்பிடத்தான்மா வந்தேன்," என்றார். ஆனால் இறங்கிவிட்டார்.

கடைக்கார மலாய் அக்காவிடம், எனக்குத் தெரிந்த மலாயில் இது பாட்டுக்காரர்களின் பலகை என்று சொன்னேன். அவர் வாழைப்பழத்தை எண்ணெயில் போட்டுக்கொண்டே, "ஆம்பிக்லா, ஆம்பிக்," என்றார். எடுத்துக்கொள் என்று கரண்டியாலேயே கை காட்டினார். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. திட்டட்டும்.

பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். காவலர் பாஸ் கேட்டார். பாஸ் கைப்பையில் இருக்கிறது, கைப்பை ஒப்பனை அறையில் இருக்கிறது. இதை விளக்கமாகச் சொல்லி அவரை மனசு மாற்றுகிற ஆளா நான்? தலையாட்டிவிட்டு முன்வாசலுக்கு நடந்தேன்.

முன்வாசல் என்றால் என்ன அர்த்தம்? ஜனங்களுக்கு நடுவே போக வேண்டும்.

உள்ளே விளக்கெல்லாம் அணைந்து மேடை மட்டும் வெளிச்சமாக இருந்தது. இரண்டு பேரும் அவரவர் மார்க்கில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா வெறுங்காலோடு கார்பெட்டில் நின்று கிட்டாரை இறுக்கிப் பிடித்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அது டீச்சர்கள் ஆண்டு விழாவில் சிரிக்கிற சிரிப்பு.

அண்ணன் பாட்டைத் தொடங்கவே இல்லை. கிட்டார் சுருதியைத் திருகிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க எஸ்டேட்ல ஒருத்தரு வயித்து வலின்னு வந்தாரு. மருந்து குடுத்தேன். மறுநாள் வந்து, மாட்டுக்குச் சரியாப் போச்சு டிரெஸ்ஸரேன்னாரு." ஜனம் சிரித்தது. மேடை ஓரத்தில் ப்ரியா கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள், ஆரம்பியுங்கள் என்று. அண்ணன் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான் நடுப்பாதையில் இறங்கினேன். ஆறடிப் பலகை தோளில் இருந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, தெரியுமா? நான் ஒரு தடவை திரும்பினேன். ஒரு வரிசை முழுக்கத் தலை குனிந்தது. "மன்னிச்சிக்குங்க" என்று மறுபக்கம் திரும்பினேன். அந்த வரிசையும் குனிந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மேடையின் பெரிய ஸ்க்ரீனில் ஒரு பெண் தெரிந்தாள் — தோளில் பலகை, கன்னத்தில் சேறு, முடி ஒரு பக்கமாகக் கலைந்து. யார் இந்தப் பாவம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அந்தப் பெண்ணும் நானும் ஒரே நேரத்தில் கன்னத்தைத் துடைத்தோம்.

அப்போதுதான் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள்.

ஓடிப்போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அக்கா பலகையைப் பார்த்துவிட்டார். அந்த டீச்சர் சிரிப்பு போய் வேறு ஒரு சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் எங்கே ஓடுவது? மேடையேறினேன். நடுவில் பலகையைப் போட்டேன். சேற்றை என் துப்பட்டாவால் துடைத்தேன். பாதிதான் போயிற்று.

அண்ணன் அவர் மார்க்கை விட்டு வந்தார். அக்கா அவர் மார்க்கை விட்டு வந்தார்.

"அங்கிள், மார்க்... ஆன்ட்டி, மார்க்..." என்று ப்ரியா ஓரத்தில் இருந்து கிசுகிசுத்தாள். ஒரு காது கேட்காதவரும், கேட்டும் கேட்காதவருமாக இரண்டு பேரும் பலகையில் ஏறினார்கள்.

அண்ணனின் குதிகால் நாலு தடவை தட்டியது. அக்கா கண்ணை மூடினார்.

நாய்ப் பாட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். ஒரு இடத்திலும் தப்பவில்லை. கேமராக்காரருக்கு என்ன தோன்றியதோ, பாட்டு முழுக்க அந்த நாலு கால்களையே ஸ்க்ரீனில் காட்டினார். இரண்டு பூட்ஸ். பக்கத்திலேயே சேறு ஒட்டிய இரண்டு வெறுங்கால்கள். மேடையிலிருந்து இறங்கி நின்ற என் பக்கத்தில் ஒரு பெண், "இந்த வயசுலயும் எவ்ளோ லவ் பாருங்க. தள்ளி நிக்கவே முடியல," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை.

முடிந்ததும் ப்ரியா என்னிடம் வந்தாள். அடுத்த வாரம் கூலிமில் மேடை நடுவில் ஆறடிக்கு இடம் விட்டு, "பலகை — யாரும் தொடக் கூடாது" என்று எழுதி ஒட்டப்போகிறாளாம். "அக்கா, நீங்க அதே மாதிரி ஜனத்துக்கு நடுவுல தூக்கிட்டு வரீங்களா? செம ஹிட்டு," என்றாள். வேனுக்குப் பெட்ரோல் போடணும் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

வெளியே போய் நிற்கும்போதுதான் யோசித்தேன். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பலகை இருக்கும் போலிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கட்டை, லோங்காங் மேல் போடலாம். அதன்மேல் நிற்கிற இரண்டு பேருக்குத்தானே தெரியும்?

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அன்றைக்கு இடைவேளையில் நிகழ்ச்சியை ஃபோனில் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆறடி மெராந்தி பலகைய ஒத்தையாளா தூக்கிட்டுப் போற. வீட்டுல கேஸ் தோம்பு மாத்த மட்டும் இத்தனை வருஷமா என்னைக் கூப்பிடுற. ம்?"

மாட்டிக்கொண்டேன். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தோம்பைத் தூக்க எனக்கு அவர் வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் தோம்பை மாற்ற வந்தால் அவர் உடனே போகமாட்டார். சோப்புத் தண்ணீர் தடவி, கேஸ் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பார். அப்படியே ஃபேக்டரிக் கதை சொல்வார். நான் டீ போடுவேன். அவர் ஷிஃப்டுக்கும் என் வேனுக்கும் நடுவில், எங்கள் இரண்டு பேருக்கும் அடுக்களையில் சேர்ந்தாற்போல் கிடைப்பது அந்தக் கால்மணி நேரம்தான்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆளா நான்? சோறு போடப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை கேஸ் தீர்ந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னங்க... இங்க வாங்களேன்," என்று கூப்பிட்டேன்.

ஒன்றும் கேட்காமல் வந்தார், சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே.