தூத்துக்குடியில் ஒரு ஹீட்டர்

இசக்கியப்பனுக்கு எல்லாம் வரும், ‘இல்லை’ என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வராது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டிலிருந்து துறைமுகத்துக்கு வந்து, பத்து வருடம் கன்டெய்னர் லாரி ஓட்டி, பிறகு பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றை வாங்கியவன். நாற்பத்தாறு வயது ஆகிறது. ஏசி ஓடுமா என்று யார் கேட்டாலும் ஓடும் என்பான். போன வைகாசியில் அப்படிச் சொல்லி, ஒரு கல்யாண வீட்டாரைக் கோவில்பட்டிவரை அவித்து எடுத்துக்கொண்டு போனான்.

“கேக்கவங்க மூஞ்சி வாடிரக் கூடாதுன்னு தலைய ஆட்டிட்டு வந்துருதீங்க. பிறகு தூக்கம் வராம முழிச்சிக்கிட்டுக் கெடக்கீங்க” என்பாள் அவன் மனைவி சந்தனச்செல்வி. அதற்கும் அவன் தலையை ஆட்டுவான்.

மாசி மாதம், ஸ்ரீவைகுண்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் சம்பத்குமார் வீட்டில் பத்ரிநாத் போக வண்டி பேசினார்கள். வாத்தியார் மனைவி கோமளவல்லிக்கு வீசிங் உண்டு. குளிர்காற்று பட்டால் நெஞ்சு அடைத்துவிடும். ஒருமுறை கொடைக்கானல் போய், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மாஸ்க்கோடு கிடந்தார். ஆனாலும் பத்ரியைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று ஒரே பிடிவாதம். வண்டிக்குள் ஹீட்டர் இருந்தால் போகலாம் என்று டாக்டர் அரை மனதாகச் சம்மதித்திருந்தார்.

“வண்டியிலே ஹீட்டர் இருக்கோ இசக்கி?” என்று கேட்டார் கோமளவல்லி.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்குத்தான் இல்லை என்று வரும்? “இருக்கும்மா. ஊட்டி எஸ்டேட்ல ஓடுன வண்டில்லா இது” என்றான்.

இருந்தது உண்மைதான். ஆனால் வேன் வாங்கிய மூன்றாம் வருடமே ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஒழுக ஆரம்பித்தது. இந்த ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இன்ஜின் தண்ணீர் ஹீட்டரைத் தொடாமல் சுற்றிப் போகும்படி குழாயைத் திருப்பி மாட்டிவிட்டான். தூத்துக்குடியில் ஹீட்டரை வைத்து என்ன செய்ய? டேஷ்போர்டில் ஹீட்டரைப் போடும் திருகில், அம்மன் படத்துக்கு வாங்கும் கதம்பத்தைத் தொங்கவிட்டிருந்தான்.

மாசியில் சொன்ன பொய் சித்திரையில் வந்து வாசலில் நின்றது. சனிக்கிழமை விடியலில் புறப்பாடு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்குனி முழுக்கத் தள்ளியவன், வெள்ளிக்கிழமை காலையில்தான் துறைமுகச் சாலையில் அற்புதமணியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனான். பானெட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே வாத்தியார் மகன் வரத் போன் செய்தான்.

“அண்ணா, நாலு மணிக்கு அம்மாவை அழைச்சிண்டு வரேன். ஹீட்டரை ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்கோ. அப்பதான் எனக்கு நிம்மதி.”

“தாராளமா வாங்க சார்” என்றது வாய்.

அற்புதமணி நிதானமாகத்தான் கேட்டான். “இருவத்தெட்டு வருசமா வேல பாக்கேன். வண்டி சூடாவுதுன்னு வருவான். சூடு வரலன்னு வந்த மொத ஆளு நீதாம்லே. குழாயத் திருப்பி மாட்டுததுக்கு முன்ன எந்தத் தண்ணி ஊத்துன?”

“போர் தண்ணிதான் அண்ணாச்சி.”

“வெளங்கிரும். உப்பு பூரா உள்ள அடைச்சிருக்கும்.”

ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர், அவ்வளவுதான். இன்ஜினின் கொதிநீர் அதன் மெல்லிய குழாய்களில் ஓடும். விசிறி அந்தச் சூட்டைக் காற்றாக உள்ளே தள்ளும். அதன் இரண்டு வாய்களில் ஒன்றில் அற்புதமணி கேன் தண்ணீரைச் சின்ன மோட்டாரால் விட்டான். மறுவாயில் எறும்பு ஊர்கிற வேகத்தில் துரு நிறத்தில் ஏதோ கசிந்தது. குழாயை மாற்றி எதிர்ப்பக்கமாக விட்டான். வெள்ளை வெள்ளையாய் உப்புச் செதில் கொஞ்சம் வந்து நின்றுபோனது.

“இன்னும் வேகமா அடிங்க அண்ணாச்சி.”

“அடிச்சா உள்ள தகடு கிழிஞ்சிரும். பிறகு ஒன் வண்டிக்குள்ள மழதான். எலுமிச்சை உப்பு கரைச்சி ஊத்தி, ஒரு நா ரெண்டு நா ஊற வைக்கணும்லே.”

“இன்னைக்கே வேணுமே!”

ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை முன்னும் பின்னுமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டேயிருந்தார்கள். கசிந்தது நூலாக ஓடத் தொடங்கியது. குழாய்களை மாட்டி, கூலன்ட் ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கி ஹீட்டரைத் திருகினான் இசக்கியப்பன். காற்று சூடாக வந்தது!

“வந்துட்டு அண்ணாச்சி!” என்று கத்தினான்.

அற்புதமணி வெளியே கொளுத்துகிற வெயிலைக் காட்டினான். “இந்த வெயிலுக்குச் சும்மா ஃபேன் போட்டாலே சூடாத்தாம்லே வரும். திரேஸ்புரம் போயி ஐஸ் வாங்கிட்டு வா.”

மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு தொட்டி நிறைய வந்தது. முன்சீட்டுக்கு அடியில், விசிறி காற்றை இழுக்கும் இடத்தில் அதை வைத்துக் கண்ணாடிகளை ஏற்றினார்கள். ஹீட்டர் வேலை செய்தால் ஐஸ் காற்றும் சூடாகி வர வேண்டும். ஜில்லென்றுதான் வந்தது. இசக்கியப்பன் காற்று வரும் துளையில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தான்.

மணி நாலு. ஐஸ் தொட்டியை இறக்கி நிழலில் வைக்கவும் வரத்தின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கோமளவல்லி கம்பளிச் சால்வையைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். வரத் ஏறி, கதவை விரியத் திறந்துவைத்து, விசிறியைப் போட்டுக் கையை நீட்டினான். சித்திரை வெயில் மொத்தமும் அதன் வழியாக வந்தது.

“சூப்பரா வரதே! போறும், நிறுத்துங்கோ” என்றான்.

“பாத்தியா, நான்தான் சொன்னேனே. இசக்கி சொன்னா இருக்கும்” என்று கோமளவல்லி சிரித்தார்.

இவ்வளவுதான். ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிடும். அற்புதமணி வேறு பக்கம் திரும்பி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இசக்கியப்பனுக்கோ மலைப்பாதை தெரிந்தது; கடுங்குளிரில் இதே துளை வழியாக ஐஸ் காற்று வருவதும், பின்சீட்டில் அந்த அம்மாவின் நெஞ்சு இழுப்பதும், பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாததும் தெரிந்தது.

“இல்லம்மா” என்றான்.

சொன்ன பிறகு மீதி தானாக வந்தது. “இது ஹீட்டர் சூடு இல்லம்மா, தூத்துக்குடிச் சூடு. அங்கன போனா பச்சக் காத்துதான் வரும். ஹீட்டர் வேல செய்யல. மாசில நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன்.” ஐஸ் தொட்டியைக் காட்டி, பார்த்த சோதனையையும் சொன்னான்.

வரத் இறங்கி வந்த வேகத்தில் அடித்துவிடுவான் என்றே நினைத்தான். “அம்மா உயிரோட விளையாடறேளா? போறும். பத்ரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

கோமளவல்லி சால்வையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். அதைப் பார்ப்பதற்கு அடியே வாங்கியிருக்கலாம் என்று இருந்தது இசக்கியப்பனுக்கு.

“சரியாகாதா இசக்கி?”

“தெரியலம்மா” என்றான். அதுவும் அவன் வாயில் வராத சொல்தான். “ரெண்டு நாளு ஊறப் போட்டுப் பாக்கணும். ஆவலன்னா ஆவலன்னு சொல்லிருதேன்.”

“பனிக்கு ஆறு மாசம் கதவைச் சாத்திண்டு இருந்த பத்ரிப் பெருமாள், எனக்காக இன்னும் ரெண்டு நாள் இருக்க மாட்டாரா?” என்று மகனைப் பார்த்துக் கேட்டார். பிறகு இவன் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமை வரேன். ஐஸை வச்சே காட்டு.”

சனி முழுக்க எலுமிச்சை உப்பு ஊறியது. ஞாயிற்றுக்கிழமை அற்புதமணி கோயிலுக்குப் போய்விட்டு நேரே பட்டறைக்கு வந்தான். எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டதும், உப்பளப் பாத்தியில் படியும் ஏடு போலத் தட்டுத் தட்டாக வெளியே விழுந்தது. சாயங்காலம் தண்ணீர் தெளிந்து வந்தது. தெளிந்தால் போதுமா? குழாய்களை மாட்டியதும் அற்புதமணி வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். ஐஸ் நாளைக்குத்தான், அதுவரை நீ வண்டியைத் தொடாதே என்று வீட்டுக்குத் துரத்தினான். சந்தனச்செல்வி வைத்த சோறு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணி. ஐஸ் தொட்டி ஏறியது, கண்ணாடிகள் ஏறின. கோமளவல்லி சால்வையைச் சுற்றிக்கொண்டு முன்சீட்டில், ஐஸுக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்தார். மடியில் மூச்சுக்கு இழுக்கும் பம்பு. வெளியே வரத் மூடிய கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். இசக்கியப்பன் இன்ஜினை உறுமவிட்டு, கதம்பத்தை எடுத்துவிட்டு, ஹீட்டரைத் திருகினான்.

ஜில்லென்று வந்தது. கோமளவல்லி ஒருமுறை இருமினார். அவருடைய கை பம்பைத் தேடியது. இசக்கியப்பன் ஹீட்டரை நிறுத்தப் போனான். வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

அவர் சால்வையை மெல்லக் கழற்றினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இசக்கி, எனக்கு வேர்க்கறது. சித்தே குறைக்கறியா?”

குறைக்கத்தான் கையை நீட்டினான். கண்ணீர் மறைத்ததில் திருகு தெரியவில்லை. தடவித்தான் பிடித்தான்.