உதவித்தொகை அறையில் ரொவீனா ஸ்டாட்லர்

இடது கையில் பட்டைத்தூள் மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள். வலது கையில் ஒரு மாணவனின் விண்ணப்பம். சுருளை, எங்கள் ஊர் வழக்கப்படி, மிளகாய்த்தூள் போட்ட பீன்ஸ் குழம்பில் தோய்த்து ஒரு கடி கடித்துவிட்டு, எதிரே நிற்கும் பையனை ரொவீனா ஸ்டாட்லர் விசாரிக்கிறார்.

"போன வருஷம் வீட்ல வருமானமே இல்லைன்னு எழுதியிருக்கே. அப்போ எதைச் சாப்ட்டீங்க?"

அத்தை வீட்டில் சாப்பிட்டதாகப் பையன் முணுமுணுக்கிறான். அப்படியானால் அத்தையிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். எத்தனை பேர், எத்தனை மாதம் சாப்பிட்டார்கள் என்ற விவரத்துடன், கையெழுத்திட்டு. பையனின் முகம் வாடியதும் அவருடைய வழக்கமான சமாதானம் வருகிறது. "நானா கேக்கறேன்? வாஷிங்டன்காரன் கேக்கறான்."

நெப்ராஸ்காவில், மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த எங்கள் இரண்டாண்டுக் கல்லூரியில் மத்திய அரசின் மானியம், வளாக வேலை, கடன் ஆகிய மூன்றும் மாணவர்களைச் சென்றடையும் வழி ரொவீனாவின் ஜன்னல் ஒன்றுதான். பணக்காரனாக இருப்பதற்கு இந்நாட்டில் எவரும் சான்று கேட்பதில்லை. ஏழையாக இருப்பதற்கோ ஆண்டுதோறும் தேர்வு எழுதித் தேற வேண்டும். வினாத்தாள் வாஷிங்டனில் தயாராகிறது. திருத்தும் பொறுப்பு ரொவீனாவுடையது.

ஆள் குள்ளம். வாத்து படம் பின்னிய கம்பளிச் சட்டைகள் நான்கு வைத்திருக்கிறார். அவற்றுள் புதியது தணிக்கையாளர்கள் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற அறைகளில் தணிக்கை என்றால் விடிகாலையிலேயே வந்து கோப்புகளைத் தேடுவார்கள். ரொவீனாவோ அன்று வீட்டிலிருந்து ஆப்பிள் கேக் செய்துகொண்டு வருவார். தம்முடைய மொழியில் பேசத் தெரிந்த விருந்தினர் ஆண்டுக்கு ஒருமுறைதானே கிடைக்கிறார்கள்.

கொடையாளர்களைக் கண்டால் அவருக்குச் சற்று அலர்ஜி. லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் 'பை' என்னும் பழப் பலகாரம் சுட்டு விற்று, ஏழைப் பையன் ஒருவனுக்குப் பரிசுத்தொகை அளித்தார்கள். அவனுடைய தேவை இவ்வளவுதான் என்று வாஷிங்டன் முன்பே முடிவு செய்திருந்தது. பரிசு சேர்ந்ததும் அவன் தன் தகுதிக்கு மீறிய செல்வந்தனாகிவிட்டான். ஆகவே வளாக வேலையில் அவன் ஈட்டக்கூடிய ஊதியத்தில் அதே தொகையை ரொவீனா குறைத்தார். அந்தத் தேவாலயத்துப் பாஸ்டர் லின்ட் நேரில் வந்து முறையிட்டார்.

"நீங்க கொடுத்தீங்க, நான் கழிச்சேன். நாம ரெண்டு பேரும் நம்ம வேலையைத்தான் பாஸ்டர் பண்ணினோம்" என்று சொல்லி, அவருக்குக் காப்பியும் ஊற்றிக் கொடுத்தார். உழைக்கும் பாரத்திலிருந்து பையனைப் பரிசுத்தொகை காப்பாற்றிவிட்டது என்று பாஸ்டர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

வளாக வேலையின் சட்டமும் இதற்குக் குறைந்ததன்று. வகுப்பு நடக்கும் நேரத்தில் வேலை செய்தால் அரசு ஊதியம் இல்லை. நடைபாதைப் பனியை அள்ளும் வேலையில் இருந்த ஒருவன், வரலாற்று வகுப்பு வேளையில் அள்ளியதாக நேரத்தாளில் எழுதியிருந்தான். பனி அப்போதுதானே பெய்தது என்றான். "பனிக்குப் பாடம் கிடையாது, உனக்கு உண்டு" என்று அந்த ஒரு மணி நேரத்தை ரொவீனா தாளிலிருந்து வெட்டிவிட்டார். வாத்தியார் அன்று வழுக்கி விழுந்ததால் வகுப்பே நடக்கவில்லை என்று பின்னர் தெரியவந்தது. அதற்கும் கடிதம் கேட்டார். வாத்தியார் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதிக் கொடுத்தார்.

கல்லூரித் தலைவருக்கே அவரிடம் சற்றுப் பயம். விளையாட்டரங்கம் கட்டிக் கொடுத்தவரின் பேரனுக்கு ஏதேனும் செய்ய இயலுமா என்று ஒருமுறை தலைவர் சிரித்தபடி வந்து நின்றார். விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் உதவித்தொகை அலுவலருக்கு மட்டுமே உரியது, வேறெவரும் உத்தரவிட இயலாது என்ற விதியை ரொவீனா எடுத்து, விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். தலைவர் அதே சிரிப்புடன் திரும்பிப் போனார். அறைக்குப் போய்ச் சேரும் வரை அதை இறக்கி வைக்கவில்லை.

விதிகளிலெல்லாம் ரொவீனா மிகவும் மதிப்பது கல்லூரியை விட்டு இடையில் விலகுவோர் பற்றியது. பருவத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு கழியுமுன் விலகினால், பெற்ற உதவியில் ஒரு பகுதி 'சம்பாதிக்காத பணம்' ஆகிவிடும். கல்லூரி அதை அரசுக்குத் திருப்பி அனுப்பும். பின்னர் மாணவனிடம் வசூலிக்கும். அறுபது கழிந்தபின் போனால் ஒரு சென்ட் கூடத் திருப்ப வேண்டாம். எல்லாப் பாடத்திலும் தோற்கும்படி கடைசி வரை உட்கார்ந்து தூங்கியவன் முழுத் தொகையையும் சம்பாதித்தவனாவான். வீட்டுத் துயரால் நடுவில் போகிறவள் கடன்காரி ஆவாள். விலகிய நாள் எது? மாணவர் வந்து வாயால் சொன்ன நாள். உதவித்தொகை அறையில் ரொவீனாவின் காதில் விழுந்த அந்த நொடியே அது பதிவாக வேண்டும். அவர் பதிவு செய்யாமல் விட்டதாக எவரும் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலை பார்த்த கணக்குப் பிரிவின் காகிதங்களுடன் அவருடைய மேசையருகே நின்றிருந்தேன். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி கார்லி நோவோட்னி உள்ளே வந்தாள். பூட்ஸில் சேறு காயவில்லை. தானியக் குதிரின் ஏணியிலிருந்து அவளுடைய அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த செய்தி ஊருக்கே தெரியும். சோளம் வயலில் நின்றது. ஞாயிறு வரை சித்தப்பா அறுவடை இயந்திரத்தை ஓட்டுவார்; பிறகு அவருக்குத் தம் வயல் இருக்கிறது. பலர் செய்வதுபோல் சொல்லாமல் மறைந்துவிடாமல், முறையாகச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். நேர்மையானவர்களுக்கு இந்த அலுவலகத்தில் நேரும் கதி அவளுக்குத் தெரியாது. அன்று சொன்னால் இரண்டாயிரம் டாலருக்கு மேல் கடன். அதை அடைக்கும்வரை மீண்டும் உதவி கிடையாது. அவள் திரும்பி வந்து செவிலியர் ஆவதும் அதோடு போயிற்று.

"மேடம், ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு..."

"அப்பா எப்படி இருக்கார்?" என்றார் ரொவீனா. விண்ணப்பத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்றை அவர் கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் முறை.

"ஆபரேஷன் முடிஞ்சுது மேடம். அதனாலதான் நான் இனிமே..."

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு நல்லாவே இருக்காது. வீட்லேர்ந்து யாராவது கொண்டு போறீங்களா? சோளத்துல ஈரம் எவ்வளவு இருக்கு இந்த வருஷம்?"

ஈரத்தைப் பற்றி அவள் பதில் சொன்னாள். ரொவீனா மழையைக் கேட்டார், டீசல் விலையைக் கேட்டார், சித்தப்பாவின் நாயைக்கூடக் கேட்டார். பிறகு பெண்ணிடமிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பருவத்துல அறுபது பங்கு என்னைக்குத் தாண்டுது?"

அத்தேதி அவருக்குத் தம் பிறந்த நாளைவிட நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை என்றேன்.

"திங்களா. அன்னைக்குக் காலைல வகுப்புல உக்காந்துட்டு, மத்தியானம் இங்க வந்து சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. இன்னைக்கே சொல்றவங்களுக்கு வேற கணக்கு." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை; தணிக்கையாளருக்கு விதியை வாசித்துக் காட்டும் அதே குரல். "நான் யாருக்கும் யோசனை சொல்றதில்ல. விதியைச் சொல்றேன்."

மூன்று இரவு மருத்துவமனை நாற்காலியில் தூங்கிய பெண்ணின் தலைக்குள் அது நுழையவில்லை. பெரியவர்கள் அலுவலக விஷயம் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையுடன் காத்து நின்றாள். முடிந்ததும் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம், உங்க நேரத்தை வீணாக்க வேணாம். நேராவே சொல்லிடறேன். நான் காலேஜை..."

ரொவீனாவுக்குச் செவிப்புலன் குறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறார். அவை இல்லாவிட்டால் அவருக்குத் தீயணைப்பு மணியும் கேட்காது. அவர் இடது காதின் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வலது காதினதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். பின்னர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லலாம் என்று கார்லியைப் பார்த்துத் தலையசைத்தார்.