ராத்தா பின்னுக்கு விடச் சொன்ன வீடியோ

இன்று சாய்ந்தமருதில் பெண்களுக்கான அனர்த்த முன்னாயத்த வகுப்பு. சுனாமி வந்தால் என்ன செய்வது என்பதுதான் பாடம். நடத்தியது நான்.

பெரியவர்களுக்குப் பேசிக்கொண்டே இருந்தால் தூங்கிவிடுவார்கள், வீடியோ போட்டால் கண்ணை எடுக்கமாட்டார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

நல்லதாகத் தேடி எடுத்த வீடியோ. அலை வருகிறது, சனம் ஓடுகிறது. போட்டதும் எல்லோரும் போனைக் கீழே வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

முன்வரிசையில் இருந்த, என்னைவிட மூத்த ஒரு ராத்தா கையை உயர்த்தினார்.

“டீச்சர், அதக் கொஞ்சம் பின்னுக்கு உடுங்க.”

பாடத்தில் சந்தேகம் என்று நினைத்துப் பின்னுக்கு விட்டேன். அவர் எழுந்து திரைக்குக் கிட்டப் போய், ஓடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது எங்கட பக்கமா, டீச்சர்?”

“இல்ல ராத்தா, வெளிநாட்டுல எடுத்தது.”

“ஓ... அப்ப எங்கட புள்ள இதுல இரிக்காது.”

திரும்பி வந்து கதிரையில் இருந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக என்னிடம் சொன்னார்: “மூத்த மகள், டீச்சர். சுனாமி கொண்டு போனது. ஜனாஸா கிடைக்கவே இல்ல.”

லெப்டொப்பை மூடினேன். மிச்சப் பாடத்தை வெள்ளைப் பலகையில் கோடு கீறி நடத்தி முடித்தேன். ராத்தா கடைசி வரை இருந்தார். பாடத்தையும் கவனமாகக் கேட்டார்.

பயிற்சியில் சொன்னது சரிதான். அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

அடுத்த கிழமை மருதமுனையில் இதே வகுப்பு. பொருத்தமான வீடியோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். சுனாமியைப் பற்றியதாக இருக்க வேண்டும், கடல் இருக்கக் கூடாது.