நோர்வூட் ஆட்டோவில் ஒரு ஹவில்தார்

ஆட்டோ ஓட்டுவது என்பது ரோட்டைப் பார்த்துக்கொண்டே முதுகுக்குப் பின்னால் இருப்பவர் கதையைக் கேட்கிற வேலை. இடுப்பு வலியும் கழுத்து வலியுமாக என்னோடு இந்தத் தொழிலில் கிடந்து சாகிற அண்ணன்மாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பேர் ஸ்டெல்லா. இலங்கை மலைநாட்டில் இருக்கிற நோர்வூட் ஸ்டாண்டில் பெண் டிரைவர் நான் ஒருத்திதான். ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியாயிற்று. போன வருஷம் ரெண்டே நாள் என் ஆட்டோவில் வந்த ஒருவரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

டிரைவர் எங்கே?

ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அறுபது வயசுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை, கையில் ஒரே ஒரு பை. நேராக என் ஆட்டோவுக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கம்மா?" என்றார். "நான்தாங்க ஐயா" என்றேன். ஸ்டாண்டில் நின்ற ஆம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'பரவாயில்லம்மா' என்று சொல்லிப் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார்கள். பழகிப்போன விஷயம்.

இவர் போகவில்லை. பையை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இருபத்தி நாலு வருஷம் இந்திய ராணுவத்துல இருந்தேன். மீசை வச்ச டிரைவருங்க எத்தனை பேரு என்னையப் பள்ளத்துல விட்டிருக்காங்க தெரியுமா? நீ எடு தாயி."

பயம்

பேர் மாரிமுத்து. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, பனிமலை எல்லையில் சண்டையெல்லாம் பார்த்து, ஓய்வு பெற்றவர். பிறந்தது நம்ம கல்லுமலைத் தோட்டத்தில். பன்னிரண்டு வயசில், ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அப்பா அம்மாவோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கோத்தகிரியிலும் தேயிலை வேலைதான். மூத்த அக்கா காளியம்மா மட்டும் கல்யாணம் முடித்திருந்ததால் இங்கேயே நின்றுவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. இவர் ராணுவம், குடும்பம், மனைவியின் வருத்தம், வைத்தியம் என்று ஓடிக்கொண்டிருந்ததில் நாற்பத்தைந்து வருஷம் போய்விட்டது. மனைவி இறந்துபோன பிறகு, மகள்தான் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அக்கா உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், வளைவு தொடங்கியதும் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். "என்னங்க ஐயா, பனிமலையில சண்டைக்கு நின்ன ஆளு, இதுக்குப் போய்ப் பயப்படுறீங்களே?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது: "அங்க எதிரி எந்தப் பக்கம்னு தெரியும் தாயி. இங்க பஸ்ஸு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னே தெரியலையே!"

மறித்த பொலிஸ்காரர்

தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பும் முன்னே பொலிஸ் மறித்தது. ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் லைசென்ஸ் கேட்டார், கொடுத்தேன். பின்னால் இருப்பவர் யார் என்று கேட்டார். ஐயா பாஸ்போர்ட்டை எடுக்கும்போது, பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டி விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஒரு மெடல்.

சார்ஜன்ட் அதைக் குனிந்து எடுத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நானும் முன்னே ராணுவத்தில்தான் இருந்தேன். இது எதுக்குக் கிடைத்தது என்று கேள்" என்றார். நான் நடுவில் நின்று ரெண்டு பாஷையும் பேசினேன். எல்லை மலையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது கூட இருந்தவருக்குக் காலில் குண்டு பட்டிருக்கிறது. இவர் அவரை முதுகில் போட்டுக்கொண்டு, மேலேயிருந்து எதிரி சுட்டுக்கொண்டே இருக்க, மூன்று மணி நேரம் பனியில் சரிவு இறங்கியிருக்கிறார். "பதினாலு வயசுல கொழுந்து மூட்டை தூக்கின முதுகு. சரிவுல எப்படிக் கால் வைக்கணும்னு அதுக்குத் தெரியும்" என்றார் ஐயா. அந்த ஆள் பிழைத்து, இப்போது பேரன் எடுத்துவிட்டாராம். வருஷா வருஷம் பொங்கலுக்கு இவருக்குப் போன் எடுத்துப் பேசுவாராம்.

சார்ஜன்ட் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். ஐயா உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். சார்ஜன்ட் லைசென்சை என்னிடம் நீட்டி, நங்கி, அதாவது தங்கச்சி என்று கூப்பிட்டுத் தனியாக ஒரு வார்த்தை சொன்னார்: "வீரம் எல்லாம் அவரோடு இருக்கட்டும் நங்கி. நீ வளைவில் மெதுவாகப் போ."

மூன்று காளியம்மா

தோட்டத்தில் ஐயா பிறந்த பழைய ஏழாம் நம்பர் லயம், அந்த வரிசை வீடுகள், மண் சரிந்து போய் எத்தனையோ வருஷம். அந்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. ஐயா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வாடிவிட்டது. அது கொழுந்து நிறுக்கிற நேரம். பொம்பளைகள் எல்லாரும் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். நான் போய், "இங்க காளியம்மான்னு யாராச்சும் இருக்கீங்களா?" என்று சத்தம் போட்டேன். மூன்று பேர் கை தூக்கினார்கள்!

மூவரையும் பார்த்துவிட்டு ஐயா இல்லை என்று தலையாட்டினார். "எங்க அக்கா நெட்டையா இருப்பா. சட்டுனு கோபம் வரும்" என்றார். "இந்தச் சம்பளத்துக்கு யாருக்குங்க கோபம் வராது?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். அக்கா புருஷன் பேர் ஆறுமுகம் என்று ஐயா சொன்னதும் ஒரு அம்மா தராசுப் பக்கமிருந்து ஓடி வந்தார். "அட, நம்ம ஆறுமுகம் வீட்டு அம்மாவா? அவரு செத்துட்டாருங்க. அந்தம்மா பூண்டுலோயாவுல மக வீட்டுல நல்லா இருக்காங்க. தைப்பூசத்துக்குக்கூடப் பாத்தேனே!" ஐயா ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பொம்பளைகளுக்கும் கண் கலங்கிவிட்டது. அதைக் கெடுப்பதற்கென்றே மூன்றாவது காளியம்மா சொன்னார்: "பூண்டுலோயா தூரமுங்க. பையில சொக்லேட் இருந்தா நானே அக்கான்னு வச்சுக்கங்க!"

அக்கா

மறுநாள் காலையில் தலவாக்கலை வழியாகப் பூண்டுலோயா போனோம். சட்டையை அயன் பண்ணி, மெடலைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். வழியில் நாலு இடத்தில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னார். நாலாவது கடையில் டீயைக் குடிக்கவே இல்லை. "என் மேல கோபமா இருப்பாளோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

அக்கா காளியம்மா மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐயா படியேறிப் போய், ராணுவத்தில் நிற்பது போல விறைப்பாக நின்று, "அக்கா, நான் மாரிமுத்து" என்றார். அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். ஐயாவின் காதைப் பிடித்துத் தலையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முதுகில் ஓங்கி ரெண்டு அடி. அடித்த கையாலேயே கட்டிக்கொண்டு, "வழி தெரியாமப் போயிருச்சாடா உனக்கு?" என்று அழுதார், சிரித்தார். லயத்துச் சனம் மொத்தமும் கூடிவிட்டது.

கொஞ்சம் அடங்கியதும், "சட்டையில என்னடா அது?" என்று கேட்டார். ஐயா கூச்சப்பட்டார். நான்தான் முந்திக்கொண்டு, "இவரு ஒருத்தர மூணு மணி நேரம் முதுகுல தூக்கிக் காப்பாத்தினாருங்க. அதுக்கு இந்திய அரசாங்கம் குடுத்தது" என்றேன். அந்த அம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "மூணு மணி நேரமா? இவன மூணு வருஷம் இடுப்புல தூக்கி வளத்தவ நான். எனக்கு யாரு குடுத்தா?"

ஐயா மெடலைக் கழற்றி அக்காவின் சேலையில் குத்திவிட்டார். அந்த அம்மா அதோடுதான் எங்களுக்குச் சோறு போட்டார். மூன்று நாளுக்கென்று வந்தவர் ஒரு மாதம் நின்றுவிட்டுத்தான் போனார்.

ஆட்டோக்காரருக்கு ரெண்டு நாள் ஓட்டினால் மூன்று நாள் இடுப்பு வலிக்கும் என்பது எழுதப்படாத சட்டம், ஆனால் அந்த வாரம் எனக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம்தான் வலித்தது.